போமென் வீட்டு வேன்

அத்தியாயம் ஒன்பது

சம்பந்தம் பேச வருகிறவர்களை வேனில் ஏற்றி, ஏர்கோனை அணைத்து, போதாக்குறைக்கு ஹீட்டரையும் முழுசாகத் திருப்பிவிட்ட மாப்பிள்ளை வீட்டுக்காரி மலேசியாவிலேயே தங்கமணி ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

"சம்பந்தியம்மா, காத்து கொஞ்சம் சூடா வருதுங்களே?" என்றார் நடு சீட்டில் உட்கார்ந்திருந்த பழனியப்பன். பட்டு வேட்டி. சட்டைக் காலர் நனைந்துவிட்டிருந்தது.

"ஆமாண்ணே. இஞ்சினுக்கு லேசா காய்ச்சல். அதோட சூட்டை நாம கொஞ்சம் வாங்கிக்கிட்டா அது பிழைச்சுக்கும். கிள்ளான் தாண்டிட்டா சரியாயிடும் லா."

சரியாகாது என்று அவளுக்குத் தெரியும். மீட்டரில் முள் பாதியைத் தாண்டி மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. கண்ணை ரோட்டில் வைப்பதா, முள்ளில் வைப்பதா என்று புரியாமல் தவித்தாள். பெடரல் ஹைவேயில் இடமும் வலமும் லோரிகள் உரசுகிற மாதிரி போயின.

காலையிலேயே மகன் ஜீவன் படித்துப் படித்துச் சொன்னான். "அம்மா, இந்த வண்டியில விருந்தாளிய ஏத்தாதம்மா. கிராப் கார் போட்டுக் கூட்டிட்டு வா. இஞ்சின் ஹெட் கேஸ்கட் போற மாதிரி இருக்கு."

தங்கமணி கேட்டாளா? மாப்பிள்ளை வீட்டு வண்டி பெண் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும், அதுதான் முறை என்று ஒற்றைக் காலில் நின்றாள். கணவர் இராமலிங்கம் போனபிறகு அவள் செகண்ட் ஹேண்டாக வாங்கிய வேன் இது. கேரி தீவுத் தோட்டத்துப் பெண்களைக் காலையில் ஏற்றிவந்து தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகளில் இறக்கி, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவாள். மகனை ஆளாக்கியதே இந்த வேன்தான். அதை வீட்டில் ஒளித்துவைத்துவிட்டு அடுத்தவன் காரில் சம்பந்தியை அழைத்துவர அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

வேனுக்கு இருக்கும் வியாதிகளைச் சொல்லி மாளாது. பள்ளத்தில் இறங்கினால் அப்சோர்பர் 'டொக்' என்று திட்டும். இரண்டாவது கியரிலிருந்து மூன்றுக்குப் போகும்போது யாரோ பின்னாலிருந்து பிடித்துத் தள்ளுவதுபோல் ஒரு உலுக்கு. இழுத்துத் திறக்கும் பக்கக் கதவை உள்ளேயிருந்து திறக்கவே முடியாது. கேஸ்கட் மட்டும் மாற்றினால் ஆயிரத்தைந்நூறு வெள்ளி, ஹெட் வளைந்திருந்தால் அதைப்போல இரண்டு மடங்கு, ஜப்பானிலிருந்து வரும் பழைய இஞ்சினைத் தூக்கிப்போட்டால் அதற்கும் மேலே என்று ஜீவன் சொல்லியிருந்தான். வண்டியை விற்றால் அதில் பாதி கூடத் தேறாது. வாடிக்கையாளர் வண்டிகளையெல்லாம் அக்கறையாகப் பார்க்கிறவன், அம்மாவின் வண்டியை மட்டும் "அடுத்த வாரம்மா" என்று தள்ளிக்கொண்டே வந்தான்.

இதெல்லாம் போகட்டும். இந்தச் சம்பந்தம் மட்டும் நல்லபடியாக அமைந்துவிட வேண்டும். அதுதான் இன்று அவளுக்கு வேண்டியது. ஏற்கனவே இரண்டு இடம் தட்டிப்போயிற்று. "பையன் நல்ல பையன்தான், ஆனா கையைப் பாருங்களேன், எவ்வளவு கழுவினாலும் நகத்துல கறுப்பு எண்ணெய்" என்று கிள்ளான்காரி ஒருத்தி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனாள். அந்த வார்த்தை இன்னும் ஆறவில்லை.

அப்படியிருக்கையில்தான் பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடை வேலாயுதம் இந்த வரனைக் கொண்டுவந்தார். பழனியப்பன் கோயம்புத்தூர்க்காரர். கோலாலம்பூரில் கம்பெனி விசாவில் பெரிய கணினி வேலை. ஒரே ஒரு மகள்தான் கல்யாணத்துக்கு இருக்கிறாள். மலர்விழி கிள்ளானில் பல் கிளினிக்கில் வேலை பார்க்கிறாள், பார்க்க மகாலட்சுமி மாதிரி இருப்பாள். "பையன் போமென், நல்ல கைக்காரன்" என்று வேலாயுதம் சொன்னாராம், அந்த நிமிஷமே பழனியப்பன் சரி என்றாராம். பையனும் பெண்ணும் சந்தித்துப் பேசிப் பிடித்தும் போய்விட்டது. இன்று வந்து வீட்டைப் பார்த்துத் தட்டு மாற்றிக்கொள்வதாகப் போன வாரம் வாக்குக் கொடுத்திருந்தார்கள். பின்னால் பழத்தட்டும் பூத்தட்டும் வேனின் உலுக்கலுக்கு ஏற்ப நகர்ந்துகொண்டிருந்தன.

முன் சீட்டில் மலர்விழி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஏறியதிலிருந்து சரியாகப் பேசவில்லை. வெட்கம் என்று தங்கமணி நினைத்துக்கொண்டாள்.

பழனியப்பனின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். ஊரில் மூத்த மகளின் பிரசவத்துக்குப் போயிருக்கும் மனைவி.

"கிளம்பியாச்சுங்களா?"

"கிளம்பி பாதி வழி வந்தாச்சு கோமதி! மாப்பிள்ளை வீட்டு வண்டியிலதான் போறோம். சம்பந்தியம்மாவே ஓட்டறாங்க. உங்கண்ணன்கிட்டச் சொன்னியா?"

"எல்லார்கிட்டயும் சொல்லியாச்சுங்க. மாப்பிள்ளை ஃபோர்மேன்னதும் அண்ணனே வாயடைச்சுப் போயிட்டாரு."

"பின்னே? ஃபோர்மேன்னா சும்மாவா? நம்ம மில்லுல ஃபோர்மேன் வந்தா எங்கப்பா மடிச்சுக் கட்டின வேட்டியை இறக்கி விட்டுட்டுத்தான் நிப்பாரு. கீழே அம்பது பேராவது வேலை பாப்பாங்க. இரு, சம்பந்தியம்மாகிட்டயே கேட்டுடறேன். ஏனுங்க, மாப்பிள்ளைக்குக் கீழே எத்தனை பேருங்க?"

"கீழயா?" தங்கமணி முள்ளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கீழ யாரும் இல்லண்ணே. அவன்தான் எப்பவும் கீழ கிடப்பான்."

பழனியப்பன் கடகடவென்று சிரித்தார். "கேட்டியா கோமதி? என்ன தன்னடக்கம்! அம்பது பேரை வெச்சுக்கிட்டு, இவரும் அவங்களோட கீழே இறங்கி வேலை பாக்கறாராமா!"

தங்கமணிக்குச் சுருக்கென்றது.

இந்த நாட்டில் வண்டி பழுது பார்க்கிறவனுக்குப் போமென் என்று பேர். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருக்கும் அவன் போமென்தான். வெள்ளைக்காரன் விட்டுப்போன ஃபோர்மேன் என்கிற சொல் இங்கே பட்டறைக்குள் புகுந்து, மேற்பார்வை உத்தியோகத்தை உதறிவிட்டு ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டது. பழனியப்பன் இங்கே வந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. வீட்டு வாசலில் ரயில், ஆபீஸ் வாசலில் ரயில். ஒரே ஒரு பழைய காரை வாங்கித் தொலைத்திருந்தாரானால், போமென் என்றால் யார் என்று முதல் மாசமே தெரிந்திருக்கும்.

போன் வைக்கப்பட்டது. தங்கமணி மெல்லப் பக்கத்தில் திரும்பினாள். மலர்விழி இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

வெட்கம் இல்லை அது.

கிள்ளானைத் தாண்டி பந்திங் ரோட்டில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் தங்கமணி வேனை ஒதுக்கினாள். வேனுக்குத் தண்ணீர் தேவைப்பட்டது, அவளுக்கு மூச்சு விட இடம் தேவைப்பட்டது. பானட்டைத் தூக்கி, ரேடியேட்டர் பக்கத்து டப்பாவில் தண்ணீர் ஊற்றினாள்.

மலர்விழி இறங்கி வந்து நின்றாள்.

"அப்பாவுக்குத் தெரியாது, ஆன்டி."

"அது தெரியுது. உனக்கு?"

"எனக்குத் தெரியும். ஜீவன் முதல் நாளே சொல்லிட்டாரு. வேலாயுதம் அங்கிள் 'போமென்'னு சொன்னதுமே அப்பா வேற மாதிரி எடுத்துக்கிட்டாரு. நான் திருத்தல." அவள் குரல் தாழ்ந்தது. "தட்டு மாத்தற வரைக்கும் மட்டும் சொல்லாதீங்க, ஆன்டி. வாக்குக் கொடுத்துட்டா அவர் மாற மாட்டாரு. அப்புறம் நானே சொல்லிக்கறேன்."

உள்ளேயிருந்து டப் டப் என்று சத்தம். பழனியப்பன் கண்ணாடியில் தட்டிக்கொண்டிருந்தார். கதவைத் தள்ளிப் பார்க்கிறார், இழுத்துப் பார்க்கிறார், அது அசைந்து கொடுத்தால்தானே.

"ஐயோ, பாவம்! வெந்து போயிடுவாரு!" தங்கமணி ஓடினாள்.

மலர்விழி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு நிமிஷம் இருங்க, ஆன்டி. எனக்கு ஜீவனைப் பிடிச்சிருக்கு. அவரை விட்டுட முடியாது. ப்ளீஸ்."

ஒரு பெண் தன் மகனை விட முடியாது என்று சொன்னால் எந்தத் தாய்க்குத்தான் குளிராது? தங்கமணிக்கும் குளிர்ந்தது. கிள்ளான்காரி சொன்ன வார்த்தைக்கு இதுவல்லவா பதில் என்று தோன்றியது. ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன குடி முழுகிவிடும்? நான் ஒன்றும் பொய் சொல்லவில்லையே, அவராகத்தானே நினைத்துக்கொண்டார்?

கதவை வெளியிலிருந்து இழுத்துத் திறந்தாள். பழனியப்பன் வேர்த்து வழிந்து இறங்கினார். கோபப்படுவார் என்று பார்த்தால், "பழைய வண்டிதானுங்களே, அப்படித்தான் இருக்கும். எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க தண்ணி குடிச்சீங்களா?" என்றார்.

அந்த ஒரு கேள்வி தங்கமணியை என்னவோ செய்தது. அவர் கெட்ட மனுஷனாக இருந்திருக்கலாம். எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

மறுபடி கிளம்பினார்கள். முள் அடங்கவில்லை. நிறுத்தி, ஆறவிட்டு, வண்டியை இழுத்துப்போகும் லோரியைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் வீட்டில் மகன் குளித்துக் காத்திருக்கிறான், நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது, இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று மனசு பறந்தது. அக்ஸலரேட்டரை மிதித்தாள். பழனியப்பன் மில் ஃபோர்மேன் கதையை மீண்டும் எடுத்தார். ஃபோர்மேனுக்குத் தனி குவார்ட்டர்ஸாம், தனி சைக்கிளாம். ஒவ்வொரு தடவை அந்தச் சொல் வரும்போதும் தங்கமணிக்குச் சீட்டில் முள் குத்தியது.

ஒரு பக்கம் செம்பனைத் தோட்டம், மறு பக்கம் தொழிற்சாலை வேலி. அந்த இடத்தில் வேன் புஸ்ஸென்று பெருமூச்சு விட்டது. பானட்டுக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. ரோட்டோரம் ஒதுக்குவதற்குள் இஞ்சின் தானாகவே அடங்கிப்போயிற்று.

மூன்று பேரும் இறங்கிப் புல்லில் நின்றார்கள். தங்கமணி மகனுக்குப் போன் போட்டாள்.

"ரேடியேட்டர் மூடியைத் தொடாதம்மா! வெந்துடும். அங்கயே இரு, வரேன்."

"அவர் எதுக்குங்க வரணும்?" என்றார் பழனியப்பன். "நல்ல நாளும் அதுவுமா மாப்பிள்ளை கையில அழுக்குப் படலாமுங்களா? அவரோட ஆளு யாரையாவது அனுப்பச் சொல்லுங்க. அம்பது பேர்ல ஒருத்தன் இருக்க மாட்டானா, இதைப் பாக்கறதுக்கு?"

தங்கமணி நினைத்துப் பார்த்தாள். இன்னும் சிறிது நேரத்தில் ஜீவன் வருவான். புதுச் சட்டையோடு இந்த வேனுக்கு அடியில் மல்லாந்து படுப்பான். இந்த மனிதர் மேலே நின்று, ஆள் இல்லையா மாப்பிள்ளை என்று கேட்பார். என் பிள்ளை தரையில் கிடந்தபடி, தான் யார் என்று இவரிடம் விளக்க வேண்டுமா? இல்லை. அது மட்டும் நடக்கக் கூடாது. கல்யாணம் நின்றாலும் சரி.

"அண்ணே," என்றாள். வேண்டாம் என்று மலர்விழி தலையை அசைத்ததைப் பார்த்தாள். பார்த்தும் நிறுத்தவில்லை. "அம்பது பேரும் இல்ல, அஞ்சு பேரும் இல்ல. போமென்னா இங்க மெக்கானிக்குண்ணே. என் பையன் பட்டறையில வண்டி ரிப்பேர் பண்றவன். கறுப்பு எண்ணெயிலதான் அவன் பிழைப்பு. நீங்க வேற மாதிரி நினைச்சிருக்கீங்கன்னு இன்னிக்கு வழியிலதான் எனக்கே தெரிஞ்சுது. சொல்லாம விட்டுடலாமான்னும் நினைச்சேன். மனசு கேக்கல."

பழனியப்பன் மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"என் பொண்ணுக்கு இது முன்னாடியே தெரியுமுங்களா?"

தங்கமணி வாயைத் திறக்குமுன் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஜீவன் வெள்ளைச் சட்டையில், தலை வாரி, நெற்றியில் திருநீறோடு சிரித்துக்கொண்டே இறங்கினான்.

"சோரி அங்கிள், சோரி. வந்த உடனே கஷ்டப்படுத்திட்டோம்." மலர்விழியைப் பார்த்து ஒரு தலையசைப்பு. பானட்டைத் தூக்கி எட்டிப் பார்த்தான், நாக்கைக் கடித்துக்கொண்டான். "அம்மா, திட்டாதே. நேத்து ரேடியேட்டர் கீழ் ஹோஸை மாத்தினேன்ல? கஸ்டமர் போன் பண்ணான், பேசிக்கிட்டே கிளிப்பை டைட் பண்ண மறந்துட்டேன். தண்ணியெல்லாம் ஒழுகிப் போச்சு. என் தப்புதான்."

"அடப்பாவி! அப்ப கேஸ்கட்?"

"இவ்வளவு சூட்டுல ஓட்டிட்டு வந்திருக்கியே, இப்ப கண்டிப்பா போயிருக்கும்." மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ளிருந்து ஒரு அட்டையை எடுத்துத் தரையில் போட்டு, வேனுக்கு அடியில் நழுவினான். இடுப்புக்குக் கீழே மட்டும்தான் வெளியே தெரிந்தது.

பழனியப்பன் மகளை வேனின் பின்பக்கம் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். ஆனாலும் தங்கமணிக்குக் கேட்டது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா."

"உங்க பெரியப்பாகிட்ட ஃபோர்மேன்னு சொன்னேன். நீ பக்கத்துலதான் இருந்தே. ஆபீஸ்ல ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன், நீதான் கூட வந்து வாங்கினே. இப்ப உங்கம்மாகிட்டச் சொன்னப்பவும் முன்னாடி சீட்டுல உக்காந்திருந்தே."

"அந்தச் சொல்லைக் கேட்டதும் நீங்க அவ்வளவு சந்தோஷப்பட்டீங்கப்பா. அதைக் கெடுக்க மனசு வரல. அப்புறம் நாள் ஆக ஆகச் சொல்ல முடியாமயே போச்சு."

"எங்கப்பா மில்லுல ஃபிட்டர், மலரு. எண்ணெய்க் கையோடதான் எனக்குச் சோறு ஊட்டினாரு. மெக்கானிக்குன்னா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?" கொஞ்சம் நிறுத்தினார். "சொல்லியிருப்பேனோ என்னமோ. தெரியல. ஆனா அதை யோசிக்கிற வாய்ப்பையாவது எனக்கு நீ கொடுத்திருக்கணும்."

அவர் தங்கமணியிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. "உங்க பையன் மேல எனக்கு ஒரு குறையும் இல்லீங்க. நீங்களும் மறைக்காம சொல்லிட்டீங்க. ஆனா தட்டு மாத்தறதுன்னா என்னங்க? என் பொண்ணுக்கு நான் பொறுப்புன்னு உங்களுக்கு வாக்குக் கொடுக்கறது. இன்னிக்கு நான் எந்த வாயால அதைக் கொடுப்பேன்?"

மெக்கானிக் வேண்டாம் என்று சொல்லியிருந்தாரானால், பதிலுக்குச் சொல்லத் தங்கமணியிடம் ஆயிரம் இருந்தது. இதற்கு ஒன்றும் இல்லை.

வேனுக்கு அடியில் ஸ்பேனர் திருகும் சத்தம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

ஜீவன் நழுவி வெளியே வந்தான். எழுந்து நின்றான். வெள்ளைச் சட்டையின் முதுகெல்லாம் மண், முழங்கை வரை கறுப்பு. அவன் பழனியப்பனைப் பார்க்கவில்லை.

"மலர், அப்பாகிட்டச் சொல்லிட்டேன்னு சொன்னியே? போன மாசம் நானே கேட்டேன். 'சொல்லிட்டேன், அவருக்கு ரொம்பச் சந்தோஷம்'னு சொன்னே."

தங்கமணி திடுக்கிட்டு மலர்விழியைப் பார்த்தாள். இது அவளுக்கும் தெரியாத சேதி.

மலர்விழி துப்பட்டாவின் நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். "சொல்லணும்னுதான் இருந்தேன், ஜீவன்…"

"என் வேலையில அங்கிளுக்கு வெக்கம் இல்லங்கறாரு. எங்கம்மாவுக்கு இல்ல. எனக்கு என்னிக்குமே இருந்ததில்ல." அவன் கோபப்பட்டுக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பி, நிதானமாகக் கேட்டான். "அப்ப யாருக்கு வெக்கம், மலர்?"

அவள் பார்வை அவன் கறுப்புக் கையில் பட்டு, உடனே அப்பா பக்கம் திரும்பியது.

ஜீவன் தலையை ஆட்டிக்கொண்டு, அட்டையை நேராக்கி, மறுபடியும் வேனுக்கு அடியில் போய்விட்டான்.